லெப்பை என்று கூப்பிட்டவர்கள்

மஸ்கெலியா
20.01.2025

ஷிஹாம் நானாவுக்கு,

ஸலாம். நலமா என்று கேட்டுத்தான் தொடங்க நினைத்தேன், மனம் வரவில்லை. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். போன கிழமையும் அதைத்தான் செய்தீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கோபத்தில் மடித்துப் போட்டாலும் பிறகு எடுத்து வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நேற்று அக்ரம் ஹாஜியாரின் மனைவி ஷப்னா சட்டை தைக்கத் துணி கொண்டுவந்தாள். அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது, "இனி நீங்க மௌலவிட தங்கச்சி, கூலிய கூட்டிப்போடாதீங்க" என்று சிரித்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் எல்லாவற்றையும் கொட்டினாள். பள்ளிவாசல் நிர்வாக சபை கூடி முடிவெடுத்தாயிற்றாம். நோன்பு வருவதற்கு முன் பள்ளிக்கு ஒரு மௌலவியை நியமிக்கிறார்களாம். லெப்பை என்ற பதவியே இனி இல்லையாம். லெப்பை என்றால் செத்த வீட்டுக் கத்தச் சோற்றுக்கு வீடு வீடாகப் போகிறவர் என்று வெளியூரில் சிரிக்கிறார்கள், நமது பள்ளிக்கு அது வெட்கம் என்று சபைத் தலைவரான ஹாஜியாரே கூட்டத்தில் சொன்னாராம். வரப்போகும் மௌலவி நீங்களாம்.

என் நானா என் ஊருக்கு வருகிறார் என்ற செய்தியை நான் ஷப்னாவின் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. பரவாயில்லை, அதைப் பொறுத்துக்கொள்வேன். அவள் சொன்ன அடுத்த விஷயத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நீங்கள் வந்து ஓதும் முதல் வெள்ளிக்கிழமைக் குத்பாவிலேயே, தண்ணீர் ஓதிக் கொடுப்பதும் நூல் கட்டுவதும் வழிகேடு, இவ்வளவு காலம் இந்த ஊரில் நடந்தது தவறு என்று மிம்பர் மேடையில் நின்று அறிவிக்க வேண்டுமாம். அந்த நிபந்தனைக்கு நீங்கள் சம்மதித்துவிட்டீர்களாம்.

இந்த ஊரில் அதைச் செய்துவந்தவர் ஒரே ஒருவர், லெப்பையான நம் வாப்பா. அவர் முதல் வரிசையில், மிம்பருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லப்போகிறீர்களா? வாப்பாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. இன்று காலையும் பள்ளியின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, பாசி போகவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

உண்மையா பொய்யா என்று எழுதுங்கள். வேறொன்றும் எழுத வேண்டாம்.

கமறியா


புத்தளம்
27.01.2025

அன்புத் தங்கை கமறியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்தது. உண்மைதான். உனக்கு நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நாளைக் கடத்தினேன்.

ஆனால் நீ நினைப்பது போல இது வாப்பாவை அவமானப்படுத்துவதற்காக அல்ல. அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. மார்க்கத்தில் இல்லாததை இல்லை என்று சொல்வது என் கடமை. அதற்காகத்தான் ஓதினேன், அதைத்தான் இங்கே பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கிறேன். என் வீட்டு வாசலுக்கு மட்டும் வேறு சட்டம் வைத்துக்கொள்ள முடியுமா?

லெப்பை என்ற சொல்லைப் பற்றியும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தச் சொல் போகப்போகிறது என்றுதான் உனக்குக் கோபம் அதிகம் என்று படுகிறது. அரபு நாட்டில் எந்தப் பள்ளியிலும் லெப்பை என்று ஒருவர் கிடையாது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் 'லப்பைக்', இதோ வந்துவிட்டேன் இறைவா, என்று சொல்கிறார்களே, அதிலிருந்து வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அறிவாளி என்று பொருள்படும் 'லபீப்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். அரபி என்ற சொல்தான் ஊர் வாயில் தேய்ந்து இப்படியாயிற்று என்பவர்களும் உண்டு. எதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. தமிழ்நாட்டில் அது ஒரு சமூகத்தாரின் பெயர், நமது நாட்டில் ஒரு தொழிலின் பெயர். மௌலவி என்பது அப்படியல்ல. 'மௌலா' என்ற அரபுச் சொல் அதன் வேர். தலைவன் என்றும் பொருள் உண்டு, அடைக்கலம் பெற்றவன் என்றும் பொருள் உண்டு. ஏழு வருடம் ஓதி, பரீட்சை எழுதி, உஸ்தாத்மார் கையால் வாங்கிய பட்டம் அது.

அந்த ஏழு வருடமும் விடுதியில் எனக்குத் தண்ணி லெப்பையின் மகன் என்றுதான் பெயர் என்பது உனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் யோசித்துப் பார். வாப்பாவும் நீயும் இருக்கும் வீடு பள்ளிவாசல் சொத்து. வேறொரு மௌலவி வந்தால் வீட்டை அவருக்கு விட வேண்டும். நான் வந்தால் வாப்பா இருந்த இடத்திலேயே இருப்பார். உன் மைனி ஜிப்ரியாவும் பிள்ளைகளும் இங்கே ஓர் அறைக்குள் முட்டிமோதிக்கொண்டு இருக்கிறார்கள். எனக்கும் ஊருக்கு வர ஆசை இருக்காதா?

பெப்ரவரி 21ஆம் திகதி வெள்ளிக்கிழமை என்று ஹாஜியார் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் நீ ஓர் உதவி செய். தோட்டத்து ஆட்கள் வீட்டு வாசலில் போத்தலும் கையுமாக வந்து நிற்பதை இப்போதே நிறுத்தச் சொல்லி வாப்பாவிடம் கேள். நான் கேட்டதாகவே சொல். அது முன்கூட்டியே நின்றுவிட்டால் வெள்ளிக்கிழமை நான் சொல்வது யாரையும் குத்தாது.

அண்ணன்
மௌலவி ஷிஹாம்


மஸ்கெலியா
04.02.2025

நானாவுக்கு,

நீங்கள் கேட்ட உதவியைச் செய்தேன். அதனால் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

குத்பாவைப் பற்றி வாப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசலில் ஓதுவதை நிறுத்தச் சொல்லி நானா எழுதியிருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே சரி என்றார். ஏன் வாப்பா இவ்வளவு லேசாகச் சரி சொல்கிறீர்கள் என்று நான்தான் கோபப்பட்டேன். "அவன் என்னட்ட ஒண்டுமே கேட்டதில்லயே மகள்" என்றார். அன்றைக்கே வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருப்பதே எனக்கு மறந்து போயிருந்தது, துருப்பிடித்து இறுகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனிலிருந்து காளியாயி வந்தாள். கொழுந்து பறிக்கும் கந்தப்பனின் மனைவி, உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பெருநாளைக்கு நம் வீட்டுக்கு மரவள்ளிக் கிழங்கு கொண்டுவருவாள். கூடவே மருமகள் பிரியந்தி. நிறைமாதம் நெருங்கிய வயிறு. கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் அடங்காமல், நிற்கவும் முடியாமல் நின்றாள். தலை பிளக்கிறது, கண் மங்குகிறது என்றாளாம். பேய்க் காற்று பட்டிருக்கும் என்று மாமியார் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

கதவைத் தட்டினார்கள். வாப்பா எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கையை வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். என்னைப் பார்த்து, போய்ச் சொல்லு என்று கையைக் காட்டினார். நான் பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். இனி இங்கே ஓதுவதில்லை, பிள்ளையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றேன். காளியாயி என் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஐயா சொல்லச் சொன்னாருங்களா?"

ஐயா வீட்டில் இல்லை என்றேன். அந்த நேரம் பார்த்து வாப்பா உள்ளே இருமினார்.

அவள் முகம் மாறிப்போயிற்று. சரிங்கம்மா என்று சொல்லிவிட்டு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள் என்று நான் நம்பிவிட்டேன். அவர்கள் போனது தங்கள் லயத்து வீட்டுக்கு. லெப்பை உள்ளே இருந்துகொண்டே முகம் கொடுக்கவில்லை என்றால் அவருக்கு ஏதோ தெரிந்துவிட்டது, இந்தப் பிள்ளையின் காரியம் முடிந்தது, அதைச் சொல்ல வாயில்லாமல்தான் ஒளிந்துகொண்டார் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காம்பறாவில் படுக்க வைத்து, மாரியம்மனுக்கு விளக்கேற்றி, சுற்றி உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். மறுநாள் காலையில் அவளுக்கு வலிப்பு வந்தது. பிறகுதான் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். இரத்த அழுத்தமாம். வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்திருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

வாப்பா ஓதுவதற்கு முன் என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிய நியாயமில்லை, நீங்கள் சின்ன வயதிலேயே ஓதப் போய்விட்டீர்கள். யார் வந்தாலும் முதலில் ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டைக் காட்டச் சொல்வார். துண்டு இல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் ஓதமாட்டார். டாக்டரைப் பார்த்து, துண்டை வாங்கிக்கொண்டு வா, பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் ஓதித் தருகிறேன் என்று திருப்பி அனுப்புவார். நாம் சொன்னால் கேட்காத கந்தப்பன், லெப்பை சொன்னால் மருமகளைத் தோளில் தூக்கிக்கொண்டாவது போயிருப்பார்.

அந்தக் கதவைத்தான் நீங்கள் மூடச் சொன்னீர்கள். நான் மூட வைத்தேன்.

கமறியா


புத்தளம்
09.02.2025

கமறியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை வகுப்புக்குப் போகும் வழியில் வாசித்தேன். அன்று பாடம் நடத்தவில்லை.

அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாளா? முதலில் அதை எழுது.

ஆனால் அந்தப் பழியை என் தலையில் வைக்காதே. தலைவலியும் வீக்கமும் கண்டால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் லெப்பை வீட்டுக்கு வரும் பழக்கத்தை அவர்களுக்கு யார் உண்டாக்கியது? ஒரு கிழவர் இருமியதை வைத்து ஓர் உயிரின் காரியம் முடிந்தது என்று ஒரு குடும்பம் நம்புகிறதென்றால், அந்த நம்பிக்கையைத்தான் நான் ஒழிக்கப் பார்க்கிறேன். நீ எழுதியது முழுவதும் என் பக்கத்து நியாயம். நீயே அதை உணராமல் எழுதியிருக்கிறாய்.

துண்டு கேட்பார் என்கிறாய். எனக்கு அது புதுச் செய்தி. நம் உம்மாவுக்கு ஏன் கேட்கவில்லை?

உனக்கு அப்போது ஐந்து வயது. உம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்ததை நீ பார்த்திருக்கமாட்டாய். மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் பார்த்தேன். வாப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஓதி ஓதித் தண்ணீரில் ஊதினார். நான்தான் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். உம்மா குடிப்பார், கக்குவார், வாப்பா மறுபடியும் ஓதுவார். றொசல்லயிலிருந்து மாமா வந்து கூச்சல் போட்ட பிறகுதான் வாகனம் பிடித்தார்கள். வயிற்றுக்குள் குடல்வால் வெடித்து விஷம் பரவிவிட்டது, நேற்று வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் மாமாவிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். வாப்பா அதைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. ஊர் அவரைப் பெரிய மனிதர் என்று கும்பிடுகிறது. எனக்கு அந்தத் தண்ணீர்ச் செம்புதான் ஞாபகம் வருகிறது.

யாராவது ஒருவர் ஒரு நாளாவது அது பிழை என்று அந்தப் பள்ளியில் சத்தமாகச் சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்லப்போகிறேன்.

20ஆம் திகதி வியாழக்கிழமை வந்துவிடுவேன். ஹாஜியார் வீட்டில் தங்குகிறேன். வாப்பா வைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் அதைப் பேச என்னால் முடியாது.

ஷிஹாம்


மஸ்கெலியா
14.02.2025

நானாவுக்கு,

பிரியந்தி பிழைத்துவிட்டாள். பிள்ளை இல்லை. பெண் பிள்ளை. கந்தப்பன் தேயிலை மலை ஓரத்தில் புதைத்தார்.

வாப்பா மேல் டிவிசன் வரை நடந்தே போனார். நானும் போனேன். பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார், இருந்தாலும் திரும்பவில்லை. லயத்து வாசலில் கந்தப்பன் நின்றார். ஏசுவார், அடித்தாலும் அடிப்பார் என்று பயந்துகொண்டுதான் போனேன். அவர் வாங்கு ஒன்றை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அன்றைக்கு எனக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் கதவைத் திறக்கவில்லை என்று வாப்பா சொன்னார். உங்கள் பெயரை எடுக்கவே இல்லை. கந்தப்பன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நாங்கள் கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தார். "ஒரு வார்த்த சத்தமா சொல்லியிருந்தீங்கன்னா போதுமேங்க ஐயா."

திரும்பும்போது வாப்பா அதே படியில் மறுபடியும் உட்கார்ந்தார்.

உம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வாசித்துவிட்டு அழுதேன். எனக்கு அது எதுவும் தெரியாது. காய்ச்சலில் மௌத்தானார் என்றுதான் எனக்குச் சொல்லி வளர்த்தார்கள். அதற்காக உங்களோடு சண்டை போட எனக்கு உரிமை இல்லை. ஆனால் துண்டு கேட்கும் பழக்கம் எப்போது வந்தது என்று மாமியிடம் போய் விசாரித்தேன். உம்மாவின் நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த மறுநாள், ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாளாம். வாப்பா அவள்மேல் எரிந்து விழுந்து, அவளோடு கூடவே ஆஸ்பத்திரிவரை போய், துண்டு எழுதி வாங்கிய பிறகுதான் ஓதினாராம். அன்றிலிருந்துதானாம். அவர் உங்களிடம் சொல்லாததை இந்த ஊருக்குச் செய்துகொண்டிருந்திருக்கிறார். அது போதும் என்று நான் சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

லெப்பை என்ற சொல்லுக்கு நீங்கள் எழுதிய அர்த்தங்களையும் வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சுவாரசியமாகக் கேட்டார். இதில் எது சரி என்று கேட்டேன். அவருக்குத் தெரியாதாம். பஜாரில் குடை திருத்திக்கொண்டிருந்தவர் அவர். முந்திய லெப்பை மௌத்தானபோது அவரைக் குளிப்பாட்ட ஆள் இல்லாமல், ஓதத் தெரிந்தவர் என்று இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனார். அடுத்த மையித்துக்கும் கூப்பிட்டார்கள். கோழி அறுக்கக் கூப்பிட்டார்கள், பிள்ளைக்குப் பெயர் வைக்கக் கூப்பிட்டார்கள். பிறகு பார்த்தால் தோட்டம் முழுக்க லெப்பை என்கிறதாம். உங்களுக்குப் பட்டம் கொடுத்த நாளும் கொடுத்தவர் பெயரும் உண்டு. இவருக்கு யாரும் கொடுக்கவில்லை, கூப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

குத்பா விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது. பஜாரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம், "என்ட பேர செல்லுவானா?" என்று கேட்டார். சொல்லமாட்டாராம் என்றேன். சிரித்தார். ஊரில் ஒரே ஒரு லெப்பைதானே மகள் என்றார்.

நானா, நீங்கள் சொல்ல நினைப்பது பொய் என்று நான் இப்போது சொல்லவில்லை. அந்தப் பிள்ளையைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை. வரும் வெள்ளிக்கிழமை வேண்டாம். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், வராதீர்கள்.

கமறியா


மஸ்கெலியா
22.02.2025

நானாவுக்கு,

வந்தீர்கள். நேற்று நடந்தது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டதை எழுதாமல் விடமாட்டேன்.

வாப்பா காலையிலேயே குளித்து, பெருநாள் ஜுப்பாவைப் போட்டுக்கொண்டு போனார். மகன் குத்பா ஓதுவதைக் கேட்க ஆசையாகப் போகிறார் என்று நினைத்தேன். பள்ளிச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். குத்பாவுக்கு முன் வாப்பாவின் குரல் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன்.

"இந்த ஊருல தண்ணி ஓதினது நான். நூல் கட்டினது நான். அந்தத் தண்ணி நோயச் சொகமாக்கும் எண்டு நம்பி என்ட பெண்சாதிய நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகல்ல. அவ மௌத்தானது என்னால. என்ட மகன் பக்கத்துல நிண்டு பார்த்தாரு. இனி என்ன லெப்பை எண்டு கூப்பிடாதீங்க. மகன் மௌலவி, அவரு செல்றத கேளுங்க."

அவ்வளவுதான்.

பிறகு நீங்கள் மிம்பரில் ஏறினீர்கள். நோன்பின் சிறப்பைப் பற்றிப் பேசினீர்கள். அழகாகப் பேசினீர்கள், எந்த இடத்திலும் குரல் தடுமாறவில்லை. தொழுகை முடிந்ததும் ஹாஜியார் உங்களைக் கட்டிப்பிடித்தாராம். வாப்பா வீட்டுக்கு வந்து ஜுப்பாவைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். சாப்பிடவில்லை.

நீங்கள் யாரும் சொல்லவில்லை என்றீர்களே, அவரே சொல்லிவிட்டார். உங்கள் வாயால் அவரைச் சொல்லும் பாவம் உங்களுக்கு வரக்கூடாதென்று அவர் எடுத்துக்கொண்டார். அதைக் கேட்டுக்கொண்டு எப்படி நானா உங்களால் நோன்பைப் பற்றிப் பேச முடிந்தது? வீட்டுக்கு வந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டீர்கள். வேலை உங்களுடையது. வீடு உங்களுடையது. எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் என்னிடம் பேச வேண்டாம்.

கமறியா


புத்தளம்
26.02.2025

கமறியாவுக்கு,

ஸலாம். பேச வேண்டாம் என்றாய். இதை மட்டும் வாசித்துவிடு, வாப்பாவுக்கும் வாசித்துக் காட்டு.

என் கையில் குத்பா எழுதிய தாள் இருந்தது. நோன்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. வாப்பா பேசி முடித்துத் திரும்பி வரும்போது என் தோளில் கையை வைத்து, ஏறுங்க மகன் என்றார். ஏறினேன். தாளைப் பார்க்க முடியவில்லை. வாயில் வந்ததைப் பேசினேன். மாணவர்களுக்கு வருடாவருடம் சொல்லும் பாடம் அது, நாக்கு தானாக ஓடியது. குரல் தடுமாறவில்லை என்கிறாய். உண்மைதான், நான் அங்கே இல்லை.

பதினொரு வயதிலிருந்து அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் வாயிலிருந்து வர வேண்டும், நாலு பேர் கேட்க வேண்டும் என்று. வந்தது. கேட்டேன். எனக்கு ஒரு நிம்மதியும் கிடைக்கவில்லை கமறியா. வயதான மனிதர் ஒருவரை ஊர் நடுவில் நிறுத்தி உரித்துவிட்டோம் என்றுதான் இருந்தது.

நான் நேரே பஸ் ஏறவில்லை. மேல் டிவிசனுக்குப் போனேன். கந்தப்பனிடம், கதவை மூடச் சொன்னது லெப்பை இல்லை, நான்தான் என்றேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், சொல்லப்போனால் கோபப்பட்டால் நல்லது என்று இருந்தது. "தெரியுங்க தம்பி, ஐயாவுக்குப் பொய் சொல்ல வரல" என்றார்.

நான் திரும்பப் புறப்பட்டபோது பிரியந்தி எழுந்து வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். ஒரு செம்பில் தண்ணீர் வைத்திருந்தாள். பால் கட்டிக்கொண்டு வலிக்கிறதாம், கண்ணை மூடினால் பிள்ளை அழுவது கேட்கிறதாம். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், குடிக்கிறாள், தூக்கம் மட்டும் வரவில்லை. "நீங்க லெப்பை ஐயா மகன்தானே, ஓதிக் குடுங்க" என்று நீட்டினாள்.

நான் மௌலவி என்று அவளிடம் சொல்லவில்லை. அது மார்க்கமா இல்லையா என்று விளக்கவும் இல்லை. செம்பை வாங்கினேன். உம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுபோன பிறகு நான் அப்படி ஒரு செம்பைக் கையில் எடுத்ததே இல்லை. ஓதினேன். ஊதிக் கொடுத்தேன். அது சரியா பிழையா என்று கேட்காதே. எனக்குப் பதில் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஓதினேன்.

திங்கட்கிழமை ஹாஜியாருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். மறைத்துவிட்டு அந்த மிம்பரில் நிற்க எனக்கு மனமில்லை. அவர் நல்ல மனிதர், ஏசவில்லை. இனி அப்படிச் செய்யமாட்டேன் என்று ஒரு வார்த்தை தரச் சொன்னார். தர முடியாது என்றேன். ஏன் முடியாது என்று கேட்டார். இன்னொருத்தி வந்து நின்றால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை என்றேன். சரி மௌலவி, வேறு ஆளைப் பார்க்கிறோம் என்று வைத்துவிட்டார்.

ஆகவே வேலை எனக்கு இல்லை. வீடும் நமக்கு இல்லை. அதற்காக வாப்பாவிடமும் உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இங்கே ஜிப்ரியா இடம் ஒதுக்கத் தொடங்கிவிட்டாள், நெருக்கியடித்துக்கொண்டு இருக்கலாம் என்கிறாள். பெருநாள் விடுமுறைக்கு வருகிறேன். வாப்பா என்ன சொல்கிறார் என்று எழுது. ஏசினால் ஏசியதை அப்படியே எழுது.

உன் நானா
ஷிஹாம்


மஸ்கெலியா
06.03.2025

நானாவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதம் நேற்று மதியம் வந்தது. வாப்பாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, நான்தான் வாசித்தேன். உம்மாவைப் பற்றிய இடத்தில் நிறுத்திவிட்டேன், வாசி என்றார். வாசித்தேன். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்.

புது மௌலவி வந்துவிட்டார். காத்தான்குடிப் பக்கத்து இளம் ஆள், மரியாதையானவர். வீட்டைப் பெருநாள் முடியும்வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரே வந்து சொன்னார். பஜாரில் தையல் கடைக்கு மேலே இருக்கும் அறையைப் பேசி வைத்திருக்கிறேன். வாப்பா ஊரைவிட்டு வரமாட்டார், ஜிப்ரியா மைனியிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். வேலை போனதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வீடு போவதைப் பற்றியும் சொல்லவில்லை. நீங்கள் ஓதியது சரியென்றோ பிழையென்றோ சொல்லவில்லை. மன்னிப்பு என்று எழுதியிருந்த இடத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன், அதிலும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது தடவை வாசித்து முடித்துக் கடிதத்தை மடிக்கும்போது என்னிடம் கேட்டார். "அந்தப் புள்ள தூங்கினாளாமா?"

அதை நானா எழுதவில்லையே வாப்பா என்றேன். எனக்கும் தெரியாது என்றேன். அவர் திரும்பப் படுக்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த உடம்போடு அவரே மலை ஏறிவிடுவார் என்று பயந்து, நான் போய் விசாரித்து வருகிறேன் என்று கிளம்பினேன்.

பிரியந்தியைப் பார்த்துவிட்டு நோன்பு திறக்கும் நேரத்துக்குத்தான் திரும்பி வந்து சேர்ந்தேன். பாங்கு சொல்லியாயிற்று. கஞ்சிக் கோப்பை அவர் முன்னால் இருந்தது, பேரீச்சம்பழம் கையில் இருந்தது, வாயில் வைக்காமல் என் முகத்தையே பார்த்தார்.

தூங்கினாளாம் வாப்பா என்றேன். அதற்குப் பிறகுதான் நோன்பு திறந்தார்.

கமறியா